ஒத்தக்கடையில் அம்மா வீட்டுக்கு நெட்: 100 போதுமா, 300 வேண்டுமா?

2 மார்ச் 2025, மாலை 6.15 – கேள்வி

மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் வீடு கட்டி அம்மாவைக் குடிவைத்திருக்கிறோம். வாசலில் நின்றால் யானைமலை தெரியும், தெருவில் இன்னும் பாதி மனை காலி. நான் பெங்களூரில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் வந்து அங்கிருந்தே வேலை பார்ப்பேன். மற்ற நாளெல்லாம் அம்மா தனியாகத்தான் இருப்பார். இரண்டு பேர் கனெக்சன் தருவதாகச் சொல்கிறார்கள். ஒன்று பெரிய கம்பெனி, இன்னொருவர் உள்ளூர் கேபிள்காரர். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கும் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கும் மாதம் 300 ரூபாய்தான் வித்தியாசம். அதிகமானதையே போட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2 மார்ச் 2025, இரவு 9.40 – பதில்

100 போதும் தம்பி. அந்த 300 ரூபாய்க்கு வேறு செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் திருநகர். வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஐந்து வருடத்தில் மூன்று கனெக்சன் மாற்றிவிட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு இது: வீடியோ வகுப்பு ஒன்று 3, 4 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கேட்பதில்லை. பெரிய டிவியில் 4கே படம் ஓடினால் 15 முதல் 25 வரை போகும். உங்கள் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மாடியில் அலுவலக மீட்டிங்கில் இருந்தால்கூட 100-இல் கால்வாசிதான் செலவாகும்.

எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு என்பதையும் மறந்துவிடாதீர்கள். எட்டால் வகுத்தால்தான் நாம் ஃபைல் அளவு சொல்லும் பைட் கணக்கு வரும். 100 பிளானில் நொடிக்கு 12.5 எம்பி இறங்கும். 'நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு தருகிறார்கள்' என்று என் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். வயர் எங்கிருந்து வருகிறது? அறுந்தால் யார் வருவார்?

2 மார்ச் 2025, இரவு 10.05

ஒன்று விட்டுப்போனது. விளம்பரத்தில் போடும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 599 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 706 ரூபாய் 82 காசு. ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். முதல் முறை அப்படிக் கட்டாதீர்கள். ஒரு மழையைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

4 மார்ச் 2025, மதியம் 1.30

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். வாசலில் நின்று போஸ்ட்டை அண்ணாந்து பாருங்கள். கறுப்பு டப்பா ஒன்று தொங்கும். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் மெல்லிய வயர் இறங்கும். அதுதான் ஸ்பிளிட்டர். உங்கள் வீட்டுக்கு அது எத்தனை போஸ்ட் தள்ளி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை, உள்ளே ஓடுவது வெளிச்சம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையின் வெளிச்சத்தை ஸ்பிளிட்டர் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. பொறியாளர் கணக்கில் அது 3 டெசிபல் இழப்பு. 32 வீட்டுக்குப் பிரித்தால் கணக்குப்படி 15, நடைமுறையில் 17 வரை போய்விடுகிறது. பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அந்த ஒரே இழைக்கு இறங்கும் வேகம் மொத்தமே சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (அதாவது 2500 எம்பிபிஎஸ்), ஏறும் வேகம் சுமார் 1.25. அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால்தான் 300 பிளான் விற்க முடிகிறது.

வெளிச்சம் வீடு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளக்க முடியும். வயர் இழுக்க வரும் பையன்கள் கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள். 'எத்தனை பவர் வருது தம்பி?' என்று கேளுங்கள். டிபிஎம் என்று ஒரு எண் சொல்வார். எண் பெரிதாக இருந்தால் நல்லது. அந்த எண்ணை மீட்டரோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5 மார்ச் 2025, காலை 7.10

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'எண் பெரிதாக இருந்தால் நல்லது' என்று எழுதிவிட்டேன். அது மைனஸ் எண். மைனஸ் 19 நல்லது, மைனஸ் 26 மோசம். மைனஸ் 27, 28 தாண்டினால் வீட்டுக்குள் வைக்கும் நெட் டப்பாவுக்குக் கண் தெரியாது, சிவப்பு விளக்கு எரிந்துவிடும். நான் பார்த்தவரை மைனஸ் 22-க்குள் இருந்தால் கவலை இல்லை. 25 என்று வந்தால் இன்றைக்கு நெட் ஓடும், ஒரு மழைக்கு அப்புறம் ஓடாது. அப்படி வந்தால் கையெழுத்துப் போடாமல் இணைப்பை மறுபடி செய்யச் சொல்லுங்கள். கணக்கு டீச்சர் மைனஸை விடலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கேட்டது சரிதான்.

9 மார்ச் 2025, இரவு 8.50

'பவர் எண்ணெல்லாம் நமக்கு எதற்கு, அது அவர்கள் வேலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன்.

2023-இல் என் வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். பகல் முழுக்க நெட் நன்றாக இருக்கும். ஆறு மணிக்குப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள், ஆறு ஐந்துக்குப் படம் நிற்கும், ஆறு பத்துக்கு சிவப்பு விளக்கு சிமிட்டும். எட்டு மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். மூன்று வாரம் இப்படியே போனது. இரண்டு பேர் வகுப்பை விட்டே நின்றார்கள். எல்லோரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் நேரம், லைனில் நெரிசல் என்றார்கள். நானும் அதை நம்பி அதிக வேகப் பிளானுக்கு மாறினேன். மாற்றமே இல்லை.

கடைசியில் வந்த லைன்மேன் பெரியவர் ஒருவர், மீட்டரைச் சொருகிவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மைனஸ் 20 காட்டியது. அப்போது என் அம்மா கொசு வருகிறது என்று ஹால் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். எண் மைனஸ் 28-க்கு விழுந்தது. ஃபைபர் வயரைச் சுவரில் துளை போடாமல் ஜன்னல் இடுக்கு வழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். கதவு சாத்தும்போது அது மடங்கி நசுங்கியிருக்கிறது. இழை உடையவில்லை, ஆனால் மடிப்பில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் காற்று வரட்டும் என்று அம்மா ஜன்னலைத் திறந்துவிடுவார், லைனும் வந்துவிடும்.

பெரியவர் சுவரில் ஒரு துளை போட்டார், பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் இன்றுவரை மைனஸ் 20-தான். மறுமாதமே பழைய பிளானுக்குத் திரும்பினேன். இதனால்தான் முதல் நாளே 100 போதும் என்றேன். லைன் கெட்டிருக்கும்போது வேகத்தைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

10 மார்ச் 2025

சுவரில் துளை போட்டால் வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாகப் போடச் சொல்லுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே வராது. மிச்ச வயரை டப்பாவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுருட்டி வைக்க வேண்டும். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கக் கூடாது.

16 மார்ச் 2025, காலை 11.00

தம்பி தனிச்செய்தியில் கேட்டது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி, செல்போனைப் பாதி நேரம் சார்ஜில் போட மறந்துவிடுகிறார், அதனால் நெட்டோடு ஒரு லேண்ட்லைனும் வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனால் பழைய லேண்ட்லைன் மாதிரி நினைத்துவிடக் கூடாது.

எங்கள் அப்பா வாங்கிய 0452 நம்பரை இன்னும் வைத்திருக்கிறோம். அந்தக் காலத்துச் செம்புக் கம்பியில் மின்சாரமும் சேர்ந்து வரும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட். ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மணி அடிக்கும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவும் கரண்ட் இல்லை. அந்தப் போனில்தான் ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஃபைபருக்கு மாறும்போது நம்பர் மாறாமல் கிடைத்தது, சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் கரண்ட் போனால் டப்பா அணையும், டப்பா அணைந்தால் போனும் செத்துவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் மின்தடையில்தான் தெரிந்தது. தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இதை முதல் நாளே சரிசெய்துவிட வேண்டும். நான் சொன்ன 300 ரூபாய் செலவு இதுதான்.

17 மார்ச் 2025, இரவு 9.15

ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். வாங்கும்போது டப்பாவின் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது ஒன்றரை. யுபிஎஸ் அதே வோல்ட் தர வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குக் கடைக்காரர் சொல்வதை வைக்காமல் கணக்குப் போடலாம். உள்ளே இருக்கும் பேட்டரி 8000 எம்ஏஹெச், 3.7 வோல்ட் என்றால் பெருக்கினால் சுமார் 30 வாட்-மணி. மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும், 25 என்று வைத்துக்கொள்வோம். டப்பா 8 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம். திடீர் மின்தடைக்குப் போதும். மாதாந்திரப் பராமரிப்பு என்று எங்கள் பகுதியில் காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துவார்கள். அதற்குப் போதாது. இன்வர்ட்டர் இருக்கும் வீடு என்றால் அதில் போடுவதே மேல்.

இன்னொரு விஷயம், இதுதான் பெரிய கம்பெனியா கேபிள்காரரா என்பதைத் தீர்மானிக்கும். நான் மேலே சொன்ன ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. அது வெறும் கண்ணாடி. ஆனால் சில இடங்களில் தெருமுனை வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கே யாரோ ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே நெட்டைப் பிரித்துத் தரும் சுவிட்ச் டப்பா வைத்து, அங்கிருந்து கம்ப்யூட்டரில் சொருகும் சாதாரண லேன் வயரில் கொடுப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் இன்வர்ட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. என் இரண்டாவது கனெக்சன் அப்படித்தான் இருந்தது. ஆகவே இருவரிடமும் கேளுங்கள்: வழியில் கரண்ட் கேட்கும் டப்பா ஏதாவது இருக்கிறதா?

23 மார்ச் 2025

தம்பி இருவரிடமும் கேட்டுவிட்டாராம். கேபிள்காரர், 'எல்லாம் ஃபைபர்தான், நடுவில் கரண்ட் கிடையாது' என்று ஸ்பிளிட்டர் டப்பாவைத் திறந்தே காட்டியிருக்கிறார். வீட்டிலிருந்து மூன்றாவது போஸ்ட். ஆள் நரசிங்கம் பக்கம். பெரிய கம்பெனிக்காரர் போனில் பேசிய ஊர் எதுவென்றே தெரியவில்லை, போஸ்ட் எங்கே என்பதற்குப் பதிலும் இல்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். திருநகரில் எனக்குப் பெரிய கம்பெனி லைன்தான் நிலையாக இருக்கிறது. ஒத்தக்கடையில் அந்தத் தெருவுக்கு கேபிள்காரர்தான் சரி என்று தோன்றுகிறது.

30 மார்ச் 2025, மாலை 5.20

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெங்களூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றால் தனியாக நிலையான ஐபி முகவரி வாங்க வேண்டும். அதற்கு மாதாமாதம் கூடுதல் கட்டணம். ஏனென்றால் இப்போது பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகிறார்கள். சிஜிநாட் என்று பெயர். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் எந்த வீட்டுக் கதவு என்று தெரியாது. ரவுட்டரில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் ஆரம்பித்தால் நீங்கள் அந்த வரிசையில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

2 ஏப்ரல் 2025, இரவு 10.30

மேலே சொன்னதில் பாதி தப்பு. கேமராப் படத்தை வீட்டிலேயே பதிவுசெய்யும் பழைய டிவிஆர் பெட்டிக்குத்தான் அது பொருந்தும். இப்போது விற்கும் சின்ன வைஃபை கேமராக்கள் தாமாகவே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு பேசிக்கொள்கின்றன. போன் ஆப்பும் அந்த சர்வர் வழியாகத்தான் பார்க்கிறது. உள்ளேயிருந்து வெளியே போவதற்கு சிஜிநாட் தடை இல்லை. நிலையான ஐபிக்குப் பணம் கட்ட வேண்டாம். விளாங்குடியிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார், வீட்டில் சோதித்துப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி.

அப்புறம் இரண்டு நாளாக மனதில் ஓடுவது ஒன்று. கேமரா வைக்கும் முன் அம்மாவிடம் கேட்டீர்களா தம்பி? வாசலுக்கும் பின்கட்டுக்கும் வைப்பது காவல். ஹாலில் வைத்தால் அவர் சேலையைத் தளர்த்திக்கொண்டு படுக்கக்கூட யோசிப்பார். என் தங்கை எங்கள் அம்மாவுக்கு அப்படி வைத்தாள். அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

20 ஏப்ரல் 2025, காலை 9.00

வில்லாபுரத்திலிருந்து ஒருவர் 200 பிளான் போட்டும் 94-க்கு மேல் வருவதே இல்லை, ஏமாற்றுகிறார்களா என்கிறார். 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். பழைய ரவுட்டரில் வயர் சொருகும் துளைகள் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். தகவலோடு சேர்ந்து போகும் முகவரிக் குறிப்புகளுக்கு ஆவது போக 94 மிஞ்சும். ரவுட்டர் புதிது என்றால் லேன் வயர். உள்ளே நான்கு ஜோடிக் கம்பி இருக்கும். அதில் ஒரு ஜோடி அறுந்தாலும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் போய் 100-இல் ஓடும். எலி கடித்த வயர் ஒன்று எனக்கு நாலு மாதம் இதையே செய்தது.

வைஃபையில் சோதிக்கவே வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக இருக்கும், இரண்டு சுவருக்கு மேல் தாங்காது. வயர் சொருகிய கம்ப்யூட்டரில் வரும் எண்ணை வைத்துத்தான் புகார் செய்ய வேண்டும்.

11 மே 2025, இரவு 8.00

வெள்ளிக்கிழமை தேரோட்டம் முடிந்தது, நாளை அழகர் ஆற்றில் இறங்குகிறார். சித்தி வீடு கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில். தேர் வருவதற்கு முந்தின நாளே வீதிக்குக் குறுக்கே போன நெட் வயரையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டி வைத்தார்கள். தேர் நிலைக்கு வந்தபிறகு மறுநாள் மதியம்தான் கட்டினார்கள். ஒன்றரை நாள் நெட் இல்லை. சித்திக்கு அதில் வருத்தமே இல்லை. மீனாட்சி வரும் வழியில் எங்கள் வயர் எதற்கு என்றார். எனக்கும் அதுவே சரி.

ஃபைபரே வேண்டாம், மாடியில் 5ஜி டப்பா வைத்தால் வயர் தொல்லையே இல்லையே என்று இங்கே ஒரு யோசனை வந்திருக்கிறது. வயர் போகாத தோட்டத்து வீட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனால் டவரின் அலையை அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாப் போனும் பங்கு போடும். நாளை காலை வைகைக் கரையில் நின்று ஒரு போட்டோ அனுப்பிப் பாருங்கள், புரிந்துவிடும். ஒத்தக்கடையில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் யானைமலை வந்தால் சிக்னல் அடிபடும்.

18 மே 2025, மாலை 6.40

கனெக்சனை நிறுத்துவது பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் முதல் கனெக்சனை நிறுத்தியபோது டப்பாவை ஒரு பையன் வந்து எடுத்துக்கொண்டு போனான். ரசீது வாங்கவில்லை. டெபாசிட் 1500 ரூபாய் கேட்டால் டப்பா வரவே இல்லை என்றார்கள். மூன்று மாதம் அலைந்தேன்.

புகாருக்கு முறை இருக்கிறது. முதலில் கம்பெனியின் புகார் மையம். அங்கே டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், கட்டாயம் தர வேண்டும். தீர்வு இல்லையென்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார், 30 நாளுக்குள் எழுத வேண்டும். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இது 2012-இல் ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொண்டுவந்த விதி. ட்ராய் நேரடியாகத் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம். மேல்முறையீடு எழுதிய பிறகுதான் எனக்குப் பணம் வந்தது. டப்பா எடுக்க வருபவரை டப்பாவோடு ஒரு போட்டோ, அடியில் இருக்கும் சீரியல் நம்பரை ஒரு போட்டோ. இப்போது எங்கள் வீட்டில் இது பழக்கம்.

8 ஜூன் 2025, இரவு 9.30

தம்பி வீட்டில் வேலை முடிந்தது. 100 பிளான், மூன்றாவது போஸ்ட்டிலிருந்து வயர், மீட்டரில் மைனஸ் 19.4. போட்டோ அனுப்பியிருந்தார். கேமரா வாசலில் ஒன்று மட்டும். அம்மாவே அந்த இடத்தைக் காட்டினாராம்.

ஒரு சிக்கல். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தும் முதல் மின்தடையில் போன் அணைந்துவிட்டது. டப்பா சொருகிய பிளக் இன்வர்ட்டர் லைனில் இல்லை. விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் அந்த லைன் இழுத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வந்து ஒரு பிளக்கை மாற்றிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் மெயினை அணைத்துவிட்டு டப்பாவின் விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள்.

11 ஜூன் 2025, மதியம் 3.15

இன்று ஒத்தக்கடையில் பராமரிப்பு மின்தடை. காலை பதினொன்றரைக்கு எனக்கு ஒரு போன், 0452 நம்பர். தம்பியின் அம்மா. கரண்ட் இல்லாமலும் பேச முடிகிறதா என்று பார்க்கக் கூப்பிட்டாராம். முக்கால் மணி நேரம் பேசினோம். நரசிங்கம் கோவிலுக்கு ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்.